பலகைகள் அதிர்ந்த திடல்

முதலில் கேட்டது சத்தம். ஓடுகிறவரை நான் இன்னும் சரியாகக் காணவில்லை. முன்னால் நின்ற இரண்டு நெடியவர்களின் தோள்கள் மறைத்தன. ஆனால் இடப்பக்க வளைவில் கிளம்பிய தடதடப்பு எங்களை நோக்கி நகர்ந்து வந்தது. தேர் வீதியால் திரும்பும்போது தேரைக் காண முன்னமே மேளம் வந்து சேருமே, அப்படி. ஓடுதடத்தின் வெளிக்கரையில் நிறுத்தியிருந்த விளம்பரப் பலகைகளை முன்வரிசைச் சனம் உள்ளங்கையால் அடித்துக்கொண்டிருந்தது. ஓடுகிறவர் எங்கே வருகிறாரோ அந்த இடத்துப் பலகை அதிரும். அவர் தாண்டிப் போனதும் அங்கே அடங்கி, அடுத்த பலகையில் எழும்பும். சத்தமே அவரோடு சேர்ந்து திடலைச் சுற்றிக்கொண்டிருந்தது.

1993 ஜூலை 10, சனிக்கிழமை. நோர்வேயின் ஒஸ்லோ நகரில், பிஸ்லெட் விளையாட்டரங்கில் ஆண்டுதோறும் நடக்கும் மெய்வல்லுநர் போட்டி. ஓடியவர் கென்யாவின் யோபெஸ் ஒன்டியெகி. 10,000 மீட்டர், 25 சுற்று.

நான் நோர்வேக்கு வந்து அப்போது ஐந்து வருடம். எங்கள் பக்கத்துப் பெடியள் பலரைப் போல ஃபோல்க்கஹொய்ஸ்கூலெ என்று சொல்லும் விடுதிப் பள்ளி ஒன்றில் இடம் எடுத்து வந்து, பிறகு வடக்கே ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் நின்று, கடைசியில் ஒஸ்லோவுக்கு இறங்கியிருந்தேன். அறையில் கூட இருந்த அண்ணை அன்று பின்னேரம் வந்து, "தம்பி, ஒரு ரிக்கெற் மிச்சம் கிடக்கு. சும்மா படுத்துக் கிடக்காமல் வாவன்" என்றார். எதைப் பார்க்கப் போகிறோம் என்றுகூட எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த மெய்வல்லுநர் போட்டி, பள்ளிக்கூடத் திடலில் சுண்ணாம்புக் கோடு போட்டு நடக்கும் இல்லப் போட்டிதான்.

ஒன்டியெகி கடைசிச் சுற்றுகளைத் தனியே ஓடினார். அவருக்கு முன்னால் துரத்துவதற்கு ஒருவரும் இல்லை. மணிக்கூடு ஒன்றுதான் இருந்தது. ஐந்து நாள் முன்னம் ஸ்டொக்ஹோமில் அவருடைய நாட்டவரான றிச்சர்ட் செலிமோ 27:07.91 ஓடி உலக சாதனையைப் புதுப்பித்திருந்தார். ஒன்டியெகி கோட்டைத் தாண்டியபோது 26:58.38. 10,000 மீட்டரை 27 நிமிடத்துக்குள் ஓடிய முதல் மனிதர். பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர், முன்பின் தெரியாதவர், என் தோளைப் பிடித்து உலுக்கினார். அவருடைய உள்ளங்கைகள் சிவந்து கிடந்தன. அடுத்த நாள் பேப்பரை வாங்கி, அகராதியை வைத்துக்கொண்டு, விளையாட்டுப் பக்கத்தை வரிவரியாகப் படித்தேன். உண்மையில் என்னுடைய நோர்வீஜிய மொழி அங்கேதான் திறந்தது. இலக்கங்கள் எந்த மொழியிலும் இலக்கங்கள்தானே. அவற்றைப் பிடித்துக்கொண்டு சுற்றியிருந்த சொற்களுக்குள் நடந்து போனேன். அன்று வாங்கிய ஒற்றைறூல் கொப்பியில்தான் இந்தப் போட்டியின் சாதனைகளை எழுதத் தொடங்கினேன். முப்பது வருடத்துக்கு மேலாக எழுதிக்கொண்டு வருகிறேன்.

பிஸ்லெட் போட்டிகள் என்ற பெயரில் இந்த ஆண்டுக் கூட்டம் தொடங்கியது 1965இல். வீடல், ச்யால்வெ, பே.யூ.எல். என்ற மூன்று ஒஸ்லோக் கழகங்கள் கூடி நடத்தின. ஆர்னெ ஹவுக்விக் என்ற மனிதர்தான் பல வருடங்கள் இதன் முகம். வெளிநாட்டிலிருந்து வரும் வீரர்களைத் தன் வீட்டுத் தோட்டத்துக்குக் கூப்பிட்டு ஸ்ட்ராபெரிப் பழ விருந்து வைப்பார். அடுத்த நாள் ஒருவரையொருவர் முறியடிக்கப் போகிறவர்கள் அங்கே புல்லில் இருந்து ஒரே கூடையிலிருந்து பழம் எடுத்துச் சாப்பிடுவார்கள். 2002இல் அவர் காலமானார். பெரிய நிறுவனங்களும் பெரும்பணமும் பின்னால் வந்தன; ஆனால் அந்தப் பழக்கூடையில்தான் இந்தப் போட்டியின் குணம் இருந்தது என்று நான் நம்புகிறேன்.

திடலின் கதை போட்டியைவிடப் பழையது. குளிர்காலத்தில் ஓடுதடத்தின் மேல் தண்ணீர் விட்டு உறையவைத்துப் பனிக்கட்டியில் சறுக்கு வேக ஓட்டம் நடத்திய இடம் அது. 1952 குளிர்கால ஒலிம்பிக்கில் ஹ்யால்மர் ஆண்டர்சன் மூன்று தங்கம் வென்றது இங்கேதான். கோடையில் பனி போய்த் தடம் வெளிவரும். பழைய அரங்கில் ஆறு சுவடுகள்தான், அதாவது ஆறு பேர் பக்கம் பக்கமாக ஓடும் ஆறு பாதைகள். ஆறாம் சுவட்டுக்கு அங்கால் பலகை, பலகைக்குப் பின்னால் சனம். வேறு பெரிய அரங்குகளில் வீரருக்கும் பார்ப்பவருக்கும் இடையே ஒரு வயல் அகலம் இருக்கும். இங்கே கை நீட்டினால் தொடலாம் போல இருக்கும். ஜூலைத் தொடக்கத்தில் ஒஸ்லோவில் சூரியன் இரவு பத்தரைக்குப் பிறகுதான் மறையும். வெயிலின் கடுமை தணிந்து, ஆனால் வெளிச்சம் நிறைய இருக்கும் அந்த நேரம் நெடுந்தூர ஓட்டத்துக்கு வாய்த்த நேரம்.

கொப்பி நிரம்ப நிரம்ப ஒரு விடயம் என் கண்ணில் படத் தொடங்கியது. இங்கே சாதனை வைத்தவர்களில் எத்தனையோ பேருக்கு ஒலிம்பிக் தங்கம் இல்லை.

பெல்ஜியத்தின் ரோஜர் மோன்ஸை எடுங்கள். ஆண்டுக் கூட்டம் தொடங்குவதற்குப் பத்து வருடம் முன்னம், 1955 ஆகஸ்ட் 3இல், இதே திடலில் 800 மீட்டரை 1:45.7இல் ஓடினார். ஜெர்மனியின் ருடொல்ஃப் ஹார்பிக் 1939இல் வைத்த 1:46.6 பதினாறு வருடம் அசையாமல் நின்ற சாதனை. அன்று மோன்ஸுக்குப் பின்னால் வந்த நோர்வேக்காரர் அவுடுன் பொய்சனின் நேரம் 1:45.9. அதாவது பழைய உலக சாதனையை முறியடித்தும் பொய்சன் அன்று இரண்டாம் ஆள். அடுத்த வருடம் மெல்பேர்ன் ஒலிம்பிக்கை மோன்ஸ் காயத்தால் தவறவிட்டார். 1960 ரோமில் தங்கம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க, பீற்றர் ஸ்னெல் கடைசி அடிகளில் தாண்டிப் போனார். மோன்ஸுக்கு வெள்ளி.

ஆஸ்திரேலியாவின் ரொன் கிளார்க் இன்னும் பெரிய கதை. 1965 ஜூலை 14. கரித்தூள் தடம். 10,000 மீட்டரில் அதுவரை ஏற்கப்பட்டிருந்த உலக சாதனை அவருடையதுதான், 28:15.6. அன்று அவர் ஓடியது 27:39.4. ஒரே மாலையில் 36 செக்கன் குறைந்தது. சாதனைகள் பத்தில் ஒரு பங்கு, நூறில் ஒரு பங்கு என்று தேய்வதைப் பார்த்துப் பழகிய எங்களுக்கு இது என்னவென்று விளங்குவது கடினம். பழைய சாதனையை ஓடிய கிளார்க்கைப் புதிய கிளார்க்குடன் சேர்த்து அந்தத் தடத்தில் விட்டிருந்தால், புதியவர் முடிக்கும்போது பழையவர் இருநூறு மீட்டருக்கு மேல் பின்னால் வந்துகொண்டிருப்பார். 28 நிமிடத்துக்குள் ஓடிய முதல் மனிதர் அவர்.

அந்தக் கிளார்க்கின் ஒலிம்பிக் கணக்கு ஒரே ஒரு வெண்கலம், 1964 டோக்கியோ. 1968இல் மெக்சிக்கோ நகரின் உயரத்தில் காற்றுக் குறைந்த இடத்தில் 10,000 மீட்டர் ஓடி, ஆறாவதாக வந்து, கோட்டைத் தாண்டியதும் நினைவிழந்து விழுந்தார். ஒட்சிசன் கொடுக்க வேண்டியிருந்தது. 1966இல் அவர் பிராக் போனபோது செக்கோஸ்லோவாக்கியாவின் நெடுந்தூர ஓட்டக்காரர் எமில் சாத்தோபெக் தன்னிடம் இருந்த 1952 ஒலிம்பிக் தங்கப் பதக்கம் ஒன்றை அவருக்குக் கொடுத்துவிட்டார். இதை முதன்முதலாக வாசித்த இரவு நான் கொப்பியை மூடிவைத்துவிட்டு வெளியே போய் நடந்தேன். தங்கம் வென்ற ஒருவர், தங்கம் வெல்லாத ஒருவரைப் பார்த்து இது உனக்குரியது என்று நினைத்திருக்கிறாரே.

ஹென்றி ரோனோ 1978இல் 81 நாட்களுக்குள் நான்கு உலக சாதனைகள் வைத்தார். நான்காவது பிஸ்லெட்டில், ஜூன் 27இல், 3000 மீட்டர் 7:32.1. அது பதினொரு வருடம் நின்றது. கென்யா 1976, 1980 இரண்டு ஒலிம்பிக்கையும் புறக்கணித்ததால் அவர் வாழ்நாளில் ஒரு ஒலிம்பிக் ஓட்டமும் ஓடவில்லை. பிறந்த நாட்டின் அரசியல் ஒரு மனிதனின் இளமையை எப்படித் தின்னும் என்பது எங்களுக்கு விளக்கத் தேவையில்லாத விடயம். 2024இல் அவர் இறந்த செய்தி வந்தபோது, அவருடைய பெயருக்கு நேரே கொப்பியில் சின்னதாக ஒரு கோடு போட்டேன்.

பெண்களின் கதை இதைவிட அநியாயமானது. பிஸ்லெட் வாசலுக்கு வெளியே கிறேட்டே வைட்ஸின் சிலை நிற்கிறது. ஒஸ்லோவில் பிறந்த பெண், பள்ளி ஆசிரியை, இந்தப் போட்டியைத் தொடக்கிய மூன்று கழகங்களில் ஒன்றான வீடலின் பிள்ளை. 1975இல் பிஸ்லெட்டில் 3000 மீட்டரை 8:46.6இல் ஓடி உலக சாதனை. அடுத்த வருடம் அதே இடத்தில் 8:45.4. ஆனால் அந்த 1976இல் மொன்றியால் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு இருந்த மிக நீண்ட ஓட்டம் 1500 மீட்டர். அதுகூட 1972இல்தான் வந்தது. அவருடைய உடம்பு எந்தத் தூரத்துக்கென்று படைக்கப்பட்டதோ அந்தத் தூரம் உலகத்தின் பெரிய மேடையில் இல்லவே இல்லை. மொன்றியாலில் அவர் அரையிறுதியோடு திரும்பினார். பிறகு நியூயோர்க் மரதனை ஒன்பது தடவை வென்றார் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை.

இங்க்ரிட் கிறிஸ்டியன்சன் 1983 ஆகஸ்ட்டில் மகனைப் பெற்றெடுத்தார். 1984 ஜூன் 28, பிஸ்லெட், 5000 மீட்டர்: 14:58.89. பெண்களில் 15 நிமிடத்தை உடைத்த முதல் ஆள், பிள்ளை பெற்றுப் பத்து மாதத்தில். பெண்களின் 5000 மீட்டர் ஒலிம்பிக்கில் சேர்ந்தது எப்போது தெரியுமா? 1996. அதற்குப் பன்னிரண்டு வருடம் முன்னமே ஒஸ்லோச் சனம் அந்த ஓட்டத்துக்குப் பலகை தட்டியிருக்கிறது. 1985இல் 10,000 மீட்டர் 30:59.42, 31 நிமிடத்துக்குள் முதல் பெண். 1986 ஜூலை 5இல் அதே திடலில் 30:13.74. தன் சொந்தச் சாதனையிலிருந்து 45 செக்கனுக்கு மேல் வெட்டினார். ஒரு கட்டத்தில் 5000, 10,000, மரதன் மூன்றின் உலக சாதனையும் அவர் கையில் இருந்தன. 1988 சியோலில் பெண்களின் 10,000 மீட்டர் முதன்முதலாக வந்தபோது முன்னால் ஓடிக்கொண்டிருந்தவர் காயத்தால் விலகினார். ஒலிம்பிக் பதக்கம் ஒன்றுகூட அவரிடம் இல்லை.

இதனால்தான் எனக்கு ஆண்டுக் கூட்டங்கள் மேல் இவ்வளவு பிடிப்பு. நாலு வருடத்துக்கு ஒருமுறை திறக்கும் கதவு ஒன்று இருக்கிறது. அன்றைக்குக் காய்ச்சல் வந்தால், அன்றைக்கு உன் நாடு வேண்டாமென்றால், உன் ஓட்டத்தைப் பட்டியலில் சேர்க்காவிட்டால், வாசலில்தான் நிற்க வேண்டும். பிஸ்லெட் ஒவ்வொரு கோடையும் திறந்தது. வந்து ஓடு என்றது.

சரி, 1985 ஜூலை 27 இரவைச் சொல்லாமல் போக முடியாது. கிறிஸ்டியன்சன் 31 நிமிடத்தை உடைத்தது அந்த இரவில்தான். அதே இரவில் மைல் ஓட்டத்தில் இங்கிலாந்தின் ஸ்டீவ் கிராம் 3:46.32 ஓடி, தன் நாட்டவரான செபஸ்தியன் கோவை மூன்றாம் இடத்துக்குத் தள்ளி, கோவின் உலக சாதனையையும் எடுத்தார். அந்த நேரம் 2023 வரை ஐரோப்பியச் சாதனையாக நின்றது. அதே இரவில் மொரோக்கோவின் சயிட் அவுய்ட்டா 5000 மீட்டரில் 13:00.40. முந்தைய சாதனை இங்கிலாந்தின் டேவிட் மூர்குறொஃப்ட் 1982இல் வைத்த 13:00.41. அதுவும் பிஸ்லெட்டில், பெரும்பகுதி தனியே முன்னால் ஓடி வைத்தது. பன்னிரண்டரைச் சுற்று, பதின்மூன்று நிமிடம், மூன்று வருட இடைவெளி. வித்தியாசம் நூறில் ஒரு செக்கன். மூர்குறொஃப்டுக்கும் ஒலிம்பிக் பதக்கம் கிடையாது. ஒரே இரவு, மூன்று உலக சாதனை. அங்கே இருந்தவர்களை வெவ்வேறு காலத்தில் நாலைந்து பேரைச் சந்தித்திருக்கிறேன். எல்லாரும் முதலில் சொன்னது நேரங்களை அல்ல, பலகைச் சத்தத்தைத்தான்.

கோவும் அவருடைய நாட்டுப் போட்டியாளர் ஸ்டீவ் ஓவெட்டும் பற்றி எழுத எவ்வளவோ பேர் இருக்கிறார்கள், நான் ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1979 ஜூலையில் கோ இங்கே 800 மீட்டர் (1:42.33), பன்னிரண்டு நாள் கழித்து மைல் (3:49.0) இரண்டையும் புதுப்பித்தார். ஆகஸ்ட்டில் சூரிச்சில் 1500 மீட்டரும் அவருடையதானது. 1980 ஜூலை 1 மாலை பிஸ்லெட்டில் 1000 மீட்டரை 2:13.40இல் ஓடி அதையும் சேர்த்தார். 800, 1000, 1500, மைல், நான்கும் ஒரே ஆளிடம். ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். பிறகு ஓவெட் அதே தடத்தில் இறங்கி மைலை 3:48.8இல் முடித்தார். எல்லாம் தன்னிடம் இருந்த அந்த ஒரு மணித்தியாலத்தில் கோ என்ன செய்துகொண்டிருந்திருப்பார் என்று அடிக்கடி யோசிப்பேன்.

இப்படியான கூட்டங்களில் வேகம் இழுத்துக் கொடுக்கிறவர்களை வைத்து ஓடுவது செயற்கை என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு. நான் அதை ஏற்கவில்லை. முன்னால் ஓடிக் காற்றை மறித்து, சொன்ன நேரத்துக்குச் சுற்றை முடித்து, பாதியில் உள்ளே ஒதுங்கி நிற்கும் அந்த ஆளைப் பாருங்கள். முடிவுப் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே ‘முடிக்கவில்லை’ என்று இருக்கும். ஒருவருடைய சாதனைக்குள் இன்னொருவருடைய மூச்சு இருக்கிறது. அதில் எனக்குக் குறை தெரியவில்லை. இப்போது தடத்தின் உட்கரையில் சாதனை வேகத்தில் ஓடும் விளக்குகள் வந்துவிட்டன. அவை பார்ப்பவருக்கு உதவுகின்றன, மறுக்கவில்லை. ஆனால் விளக்குக்கு ஒருவரும் கை தட்டுவதில்லை.

2004இல் பழைய அரங்கை இடித்தார்கள். வேலைக்குப் போகும் வழியில் இறங்கி வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். கிளார்க்கின் தடம் முன்னமே போய்விட்டது, கிறிஸ்டியன்சன் ஓடிய பின்பக்க நேர்த்தடம் அன்று மண்ணாகக் கிடந்தது. அடுத்த வருடமே புதியது எழும்பிவிட்டது. புதிய அரங்கின் கீழே, இருக்கைகளுக்கு அடியில், 546 மீட்டர் சுற்றளவில் உள்ளகத் தடம் ஒன்று வளைந்து போகிறது. குளிர்காலத்தில் வெளியே பனி கொட்டும்போது அங்கேதான் நான் நடக்கிறேன். முதலில் புதிய அரங்கின் மேல் எனக்குக் கோபம் இருந்தது. அந்தக் கோபத்தை மாற்றியது 2008 ஜூன் 6.

அன்று என்னோடு வந்தவர் கூட வேலை செய்யும் எத்தியோப்பியர். அரங்கின் ஒரு பக்கம் முழுக்கப் பச்சை, மஞ்சள், சிவப்பு. திருனேஷ் டிபாபா 5000 மீட்டரை 14:11.15இல் ஓடி, முந்தைய வருடம் மெசெரெட் டெஃபார் இதே இடத்தில் வைத்த 14:16.63ஐ முறியடித்தார். நண்பர் கதிரையில் ஏறி நின்று அழுதார். நாடு விட்டு வந்து டாக்ஸி ஓட்டுகிறவர்கள், ஆஸ்பத்திரி கழுவுகிறவர்கள், அங்கே பிறந்த பிள்ளைகள் எல்லாரும் தங்கள் மொழியில் ஒரு பெயரைக் கூவினார்கள். "உங்கட ஆக்கள் ஓடேல்லையா?" என்று நண்பரின் சின்ன மகன் நோர்வீஜியத்தில் என்னிடம் கேட்டான். இல்லை என்றேன். "அப்ப எங்கட ஆளுக்குக் கத்துங்கோ" என்றான். கத்தினேன். பலகை இல்லாவிட்டாலும் அந்தச் சத்தம் திடலைச் சுற்றிச் சுற்றி ஓடியதை அன்று கேட்டேன்.

2020இல் கொரோனாவால் போட்டி நடக்காது என்றுதான் நினைத்தோம். ஜூன் 11இல் ‘முடியாத போட்டிகள்’ என்று பெயர் வைத்து, பார்வையாளர் இல்லாமல் நடத்தினார்கள். நோர்வேயின் கார்ஸ்டன் வார்ஹொல்ம் பக்கத்துச் சுவட்டில் ஒருவரும் இல்லாமல் 300 மீட்டர் தடைதாண்டலை 33.78 செக்கனில் முடித்தார். யாக்கொப் இங்கெப்றிக்ட்சன் 2000 மீட்டரில் 4:50.01 ஓடி, ஸ்டீவ் கிராம் 1985இல் வைத்த ஐரோப்பியச் சாதனையை எடுத்தார். அது இரண்டு அணிகளின் மோதல்; எதிரணி கென்யர்கள் அதே நேரத்தில் நைரோபியில் ஓடினார்கள். வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து பார்த்தேன். காலடிச் சத்தம்கூடத் தனித்தனியாகக் கேட்டது. முப்பது வருடத்தில் நான் பார்த்த மிகத் துயரமான பிஸ்லெட் அது. ஆனாலும் நடத்தினார்களே என்று நன்றியாகவும் இருந்தது.

அடுத்த வருடம் ஜூலை 1. வார்ஹொல்ம் 400 மீட்டர் தடைதாண்டல், 46.70. கெவின் யங் 1992 பார்சிலோனாவில் வைத்த 46.78 ஏறக்குறைய 29 வருடத்துக்குப் பிறகு விழுந்தது, சொந்த நாட்டுச் சனத்தின் முன்னால். முப்பத்துமூன்று நாள் கழித்து டோக்கியோவில் அவர் 45.94 ஓடித் தங்கமும் எடுத்தார். உலகம் அந்த இரண்டாவதைத்தான் நினைவில் வைத்திருக்கிறது. என் கொப்பியில் முதலாவதுக்கு அடியில்தான் சிவப்புக் கோடு.

ஒவ்வொரு மே மாதமும் ஹொல்மென்கொல் அஞ்சலோட்டம் என்று ஒன்று நடக்கும். வேலைத்தலங்களும் கழகங்களும் பள்ளிகளும் அணி அனுப்பும் பதினைந்து கட்ட ஓட்டம். நகரையெல்லாம் சுற்றிக் கடைசியில் பிஸ்லெட்டுக்குள் வந்து முடியும். இரண்டு வருடம் முன்னம் என் மகளுடைய அணியில் கடைசிக் கட்டம் அவளுக்கு. நான் நேரத்தோடு போய், தடத்துக்கு மிகக் கிட்டவாக, கைபிடிக் கம்பிக்கு முன்னால் ஓர் இடம் பிடித்து நின்றேன். வாசலால் ஒரு கூட்டம் உள்ளே வந்தது. அதில் அவள் எங்கே என்று முதலில் தெரியவில்லை. பிறகு அவளுடைய நடையைக் கண்டேன், அம்மாவின் நடை. அஞ்சல் கோலை இடக்கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள். முகம் சிவந்து, வாய் திறந்து, கடைசி வளைவில் இருவரைத் தாண்ட முயன்றுகொண்டிருந்தாள். முன்னால் இரும்புத் தகடு ஒன்று இருந்தது. இரண்டு உள்ளங்கையாலும் அதை அடிக்கத் தொடங்கினேன். பக்கத்தில் நின்ற ஒரு வயது போன பெண், என்னை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, தானும் சேர்ந்து அடித்தார்.